நோயாளியிடம் இயேசுவைப் பற்றிப் பேசலாமா? மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒரு தாதிக்குப் பதில்

களுவாஞ்சிகுடிப் பக்கத்திலிருந்து ஒரு தாதி கேட்டிருக்கிறார். அரச ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை வார்டில் வேலை. தன்சானியாவில் சபை நடத்தும் ஓர் ஆஸ்பத்திரியில் மூன்று வருடம் பணிசெய்ய அழைப்பு வந்திருக்கிறது. அவருடைய சபையார் சந்தோஷமாக அனுப்பத் தயார். ஆனால் எத்தனை நோயாளிகளுக்குச் சுவிசேஷம் சொன்னீர்கள் என்று மாதாமாதம் அறிக்கை வேண்டும் என்கிறார்கள். கூட வேலை செய்யும் ஒரு டொக்டரோ, நோயாளியிடம் மதம் பேசுவது தொழில் தர்மத்துக்கே விரோதம் என்கிறார். அம்மாவுக்கு மகள் போவதே விருப்பமில்லை. "வார்டில் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் ஆண்டவரை மறுதலித்தவள் ஆவேனா? அங்கே வாழ்க்கை உண்மையில் எப்படி இருக்கும்?" என்று கேட்கிறார்.

மகள், போய் வாருங்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே நான் எழுதப்போகும் எச்சரிக்கைகளைப் படித்துவிட்டு, இந்த அம்மா போக வேண்டாம் என்கிறா என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. நான் கல்முனையில் பிறந்து மெதடிஸ்த சபையில் வளர்ந்தவள். தாதியாகப் பயிற்சி முடித்து இங்கே கொஞ்சக் காலம் வேலை பார்த்த பிறகு, கிழக்கு ஆபிரிக்காவில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வருடக்கணக்காக இருந்தேன். திரும்பி வந்து ஓய்வு பெறும்வரை மட்டக்களப்பு, அம்பாறை வார்டுகளில்தான். அந்த அனுபவத்தில் என் பதில் இதுதான்: படுக்கையில் கிடக்கும் நோயாளியிடம் நீங்களாக மதப் பேச்சைத் தொடங்காதீர்கள். அவராகக் கேட்டால் மறைக்காமல் பதில் சொல்லுங்கள். எழுந்து நடமாடுகிற, விருப்பமில்லை என்றால் உங்களை விட்டு விலகிப் போகக்கூடிய மனிதரிடம் தாராளமாகப் பேசுங்கள். எண்ணிக்கை அறிக்கை அனுப்ப மாட்டேன் என்று சபையாரிடம் போகும் முன்னரே சொல்லிவிடுங்கள்.

வார்டில் உங்கள் கையில் என்னவெல்லாம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வலிக்கான ஊசி உங்கள் கையில். கூப்பிட்டதும் பெட்பானோடு வருவதும், கொஞ்சம் பொறுங்கள் என்பதும் உங்கள் கையில். பார்வையாளர் நேரம் முடிந்த பிறகும் பெண்சாதி இன்னும் பத்து நிமிடம் பக்கத்தில் நிற்கலாமா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்கிறீர்கள். இதெல்லாம் நோயாளிக்கு நன்றாகத் தெரியும். ஊசியோடு நிற்கும் மிஸி "உங்களுக்காக ஜெபிக்கட்டுமா?" என்று எவ்வளவு அன்பாகக் கேட்டாலும், வேண்டாம் என்று சொல்ல அவருக்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! நம்முடைய ஆட்கள் டொக்டர் சொன்னது விளங்காவிட்டாலும், விளங்கவில்லை என்று சொல்லப் பயந்து தலையாட்டுகிறவர்கள். தன்சானியாக் கிராமத்து ஆட்களும் அப்படித்தான். அந்தத் தலையாட்டலை விசுவாசம் என்று கணக்கெழுதி ஊருக்கு அனுப்புவது ஆண்டவருக்கு முன்னாலும் நேர்மையில்லை, மனிதருக்கு முன்னாலும் நேர்மையில்லை.

இதைத் திருப்பிப் போட்டும் பாருங்கள். உங்கள் அம்மா இடுப்பெலும்பு முறிந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் கிடக்கிறா. இரவு வேலைக்கு வந்த தாதி வேறு மதத்தவர், நல்ல பிள்ளை, மனசார அம்மாவில் அக்கறை உள்ளவர். அவர் காயத்துக் கட்டை மாற்றிக்கொண்டே, உங்கள் சாமியை விட்டுவிட்டு எங்கள் வழிக்கு வாருங்கள், சுகம் கிடைக்கும் என்று தொடங்கினால் உங்களுக்கு எப்படி இருக்கும்? காலையில் நீங்கள் போய் மேட்ரனிடம் முறையிடுவீர்கள். முறையிடுவதுதான் சரியும். இங்கிலாந்தின் பொது மருத்துவப் பேரவை 2013இல் வெளியிட்ட நெறிமுறை இதையே விதியாக்கி வைத்திருக்கிறது: நோயாளியின் பலவீனத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் விதத்திலோ, அவருக்கு மனக்கஷ்டம் தரக்கூடிய விதத்திலோ மருத்துவர் தன் சொந்த நம்பிக்கைகளை வெளியிடக் கூடாது. நம்பிக்கையே பேசக் கூடாது என்று அது சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் டொக்டர் நண்பர் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்குக் கீழே வருகிறேன்.

மறுதலிப்பா என்ற கேள்வி உங்களை இராத்திரியில் நித்திரை கொள்ள விடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு வேதத்துக்குள்ளேயே போவோம். யோவான் ஐந்தாம் அதிகாரம், பெதஸ்தா குளம். முப்பத்தெட்டு வருடம் வியாதியாய்க் கிடந்த மனிதன். ஆண்டவர் முதலில் என்ன செய்கிறார்? சொஸ்தமாக விருப்பமா என்று அவனிடமே கேட்கிறார். பிறகு சுகமாக்குகிறார். அவன் படுக்கையை எடுத்துக்கொண்டு நடந்து போகிறான். சுகமாக்கியவர் யார் என்று அவனுக்குத் தெரியாது. வேதமே அதை வெளிப்படையாகச் சொல்கிறது. அவர் தம்முடைய பெயரைக் கூடச் சொல்லாமல் கூட்டத்துக்குள் விலகிப் போய்விட்டார். அப்புறம்தான் தேவாலயத்தில் அவனைக் கண்டு பேசுகிறார். அப்போது அவன் தன் சொந்தக் காலில் நின்றுகொண்டிருந்தான். படுத்துக் கிடந்தபோது சிகிச்சை, எழுந்து நின்றபோது பேச்சு. நான் வார்டில் பின்பற்றிய ஒழுங்கு இதுதான். இதில் எங்கே மறுதலிப்பு இருக்கிறது? லூக்கா பதினேழில் பத்துக் குஷ்டரோகிகள் சுகமாகிறார்கள், ஒருவன்தான் திரும்பி வருகிறான். மற்ற ஒன்பது பேருடைய சுகத்தை ஆண்டவர் பறித்துக்கொள்ளவில்லையே.

நம்முடைய ஊர் ஆட்களுக்கு இந்த விஷயத்தில் வேறு யாருக்கும் இல்லாத ஒரு அறிவு இருக்கிறது. நாங்கள் மிஷனரிகளிடம் உதவி வாங்கிய பக்கத்தில் இருந்தவர்கள். 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்தபோது அவருடைய மனைவி கப்பல் பயணத்திலேயே இறந்துபோயிருந்தார். அவரும் மறு வருடமே இங்கேயே இறந்தார். அந்தக் கொஞ்ச மாதங்களில் அவர் தொடங்கியவை பள்ளிக்கூடங்கள். மெதடிஸ்த மத்திய கல்லூரி அந்த வருடத்தைத்தான் தன் தொடக்கமாகக் கொண்டாடுகிறது. அந்த மிஷன் பள்ளிக்கூடங்களில் படித்தவர்களில் பெரும்பாலானோர் கிறிஸ்தவர்கள் ஆகவில்லை. 1892இல் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் கல்முனையில் மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பில் புனித மைக்கேல் கல்லூரியிலும் படித்தவர். சைவராகவே இருந்தார், இராமகிருஷ்ண மிஷன் துறவியானார், 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். அவருக்குக் கொடுத்த கல்வி வீணாய்ப் போனது என்று எந்தக் கிறிஸ்தவனாவது சொல்வானா? எனக்கு அந்தப் பள்ளிக்கூடங்களை நினைத்தால் பெருமையாகத்தான் இருக்கிறது. உங்கள் சபையார் கேட்கும் மாதாந்த அறிக்கையில் விபுலானந்தர் ஒரு பூச்சியமாகத்தான் பதிவாகியிருப்பார்.

மற்றப் பக்கமும் எங்களுக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நாவலடி, கல்லாறு, கல்முனை, திருக்கோவில் என்று கரையோரம் முழுக்க முகாம்கள். எத்தனையோ கிறிஸ்தவர்கள் வந்து பிணம் தூக்கினார்கள், கிணறு இறைத்தார்கள், ஒரு வார்த்தை மதம் பேசவில்லை. சிலர் சாமான் பொதிக்குள் துண்டுப்பிரசுரம் வைத்துக் கொடுத்தார்கள், ஜெபக்கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு முதலில் கொடுத்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் பால்மா வாங்குவதற்காகக் கண்ணை மூடி அல்லேலூயா சொன்னதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்தப் பொதியைக் கொடுத்தவர்களுக்கு அது சாட்சியாகத் தெரிந்தது. எனக்கு வயிறு எரிந்தது. நான் கிறிஸ்தவள் என்பதால்தான் இன்னும் அதிகமாக எரிந்தது.

இது உணர்ச்சியோடு முடிகிற விஷயமுமில்லை. 2003இல் நமது உச்ச நீதிமன்றம், கல்வி, மருத்துவப் பணி செய்துவந்த ஒரு கன்னியர் சபையைச் சட்டப்படி கூட்டிணைக்கும் மசோதாவை அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்த்தது. உதவி தேவைப்படும் நிலையில் இருப்பவர்களுக்குப் பொருளுதவி செய்துகொண்டே மதமும் பரப்பினால் அது மனச்சாட்சிச் சுதந்திரத்தைப் பாதிக்கும் என்பது அதன் வாதங்களில் ஒன்று. 2005இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு, அந்தக் கன்னியரின் உரிமைகள் மீறப்பட்டன என்று சொன்னது. குழு சொன்னதே சரி என்பது என் எண்ணம். அந்தக் கன்னியர் யாரையும் வற்புறுத்தியதாக ஆதாரம் காட்டப்படவில்லை. ஆனாலும் நீதிமன்றம் எழுப்பிய சந்தேகத்துக்கு நீதிமன்றத்தில் பதில் சொன்னால் போதாது. ஒவ்வொரு வார்டிலும் நாங்கள் நடந்துகொள்ளும் விதத்தால் பதில் சொல்ல வேண்டும்.

சரி, இப்போது டொக்டர் நண்பர் சொன்னதில் தவறான பாதிக்கு வருவோம். நோயாளி கேட்டால் என்ன செய்வது? கேட்பார்கள் மகள். இங்கே யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் நீங்கள் களுவாஞ்சிகுடிப் பிள்ளை, சம்பளத்துக்கு வந்திருக்கிறீர்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அங்கே நீங்கள் கடல் தாண்டி வந்தவர். இவ்வளவு தூரம் எதற்காக வந்தாய் என்று கேட்காமல் இருக்கவே மாட்டார்கள்.

பிள்ளைகள் வார்டில் ஒரு இரவு. மூன்று வயதுப் பையன், கடும் மலேரியா, வலிப்பு வந்து மயக்கத்தில் கொண்டுவந்தார்கள். கூட வந்தது பாட்டி, முஸ்லிம் அம்மா, காங்கா துணியால் தலையை மூடியிருந்தார். ஆர்டிசுனேட் ஊசி மருந்து தூளாக வரும். முதலில் கூடவே வரும் பைகாபனேற்றுக் கரைசலை அதில் விட்டு, கலங்கல் போய்த் தெளியும்வரை குலுக்க வேண்டும், பிறகு சேலைன் சேர்க்க வேண்டும். கலக்கியதும் கொடுத்துவிட வேண்டும், வைத்திருக்க முடியாது. முதல் ஊசி, பன்னிரண்டு மணி நேரத்தில் அடுத்தது, இருபத்துநாலில் மூன்றாவது. நடுவில் குளுக்கோஸ் இறங்குகிறதா என்று விரலில் குத்திப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். விடியப்புறம் பையன் கண் திறந்து தண்ணீர் கேட்டான். பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, உன் தாயை விட்டுவிட்டு ஏன் இங்கே வந்தாய் என்று கேட்டார். என் அரைகுறைச் சுவாஹிலியில் சொன்னேன்: நான் இயேசுவைப் பின்பற்றுகிறவள், அவர் நோயாளிகளைத் தேடிப் போனார், அதனால் நானும் வந்தேன். அவ்வளவுதான். அவர் தலையசைத்து, கடவுள் உன் தாயைக் காப்பாற்றட்டும் என்று அவருடைய முறையில் இரண்டு கையையும் ஏந்தித் துஆ கேட்டார். நான் பக்கத்தில் நின்று ஆமென் சொன்னேன். அந்த அம்மாவின் ஜெபம் என் அம்மாவுக்குத் தேவைப்பட்டது.

கேட்டவருக்குச் சொன்னேன், கேட்ட அளவுக்குச் சொன்னேன். பேதுருவின் முதல் நிருபம் மூன்றாம் அதிகாரம் இதையே சொல்கிறது: விசாரித்துக் கேட்கிறவர்களுக்கு உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருங்கள், அதையும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் சொல்லுங்கள். சபையார் முன்பாதியை மேடையில் முழங்குவார்கள், பின்பாதியை விட்டுவிடுவார்கள்.

நோயாளியே ஜெபிக்கச் சொன்னால் ஜெபியுங்கள். சுருக்கமாக, அவருக்கு விளங்கும் மொழியில், பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத சத்தத்தில். சுகம் நிச்சயம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். நீண்ட பேச்சு வேண்டும் என்றால் ஆஸ்பத்திரிப் போதகரிடம் சொல்லிவிடுங்கள். அவருக்கு நேரம் இருக்கிறது, மொழி இருக்கிறது, அவர் கையில் ஊசி இல்லை. முஸ்லிம் நோயாளி இமாமைக் கூப்பிடச் சொன்னால் ஓடிப்போய்க் கூப்பிட்டுக் கொடுங்கள். சாகப்போகிறவரிடம் கடைசி நேரத்தில் எதையாவது சொல்லவைத்துவிட வேண்டும் என்ற பதற்றம் சில நல்ல கிறிஸ்தவர்களுக்கும் வருவதுண்டு. அந்த நேரத்தில் அவருக்கு வேண்டியது வலி குறைவதும், வாய் நனைவதும், சொந்தக்காரர் பக்கத்தில் இருப்பதும். அவருடைய ஆத்துமா ஆண்டவரின் கையில். உங்களுடைய அவசரத்தை நம்பி ஆண்டவர் இருக்கவில்லை.

அப்படியானால் நம்பிக்கையைப் பகிரும் இடம் எது என்றால், வார்டைத் தவிர எல்லா இடமும். மிஷன் ஆஸ்பத்திரிகளில் காலை வேலை தொடங்கும் முன் ஊழியர்கள் கூடிப் பாட்டுப் பாடி வேதம் வாசிப்பது வழக்கம். அங்கே உங்களைப் பேசச் சொல்வார்கள். கூட வேலை செய்யும் தாதிகள், ஆய்வுகூடப் பையன்கள், சாரதி, சந்தையில் தக்காளி விற்கிற அம்மா, பக்கத்து வீட்டார், இவர்களெல்லாம் உங்களோடு வாதாடலாம், சிரித்துவிட்டு எழுந்து போகலாம். அவர்களிடம் உங்கள் சாட்சியைச் சொல்லுங்கள், வெட்கப்படாமல் சொல்லுங்கள். சுகமாகி வீட்டுக்குப் போன ஆள் ஒரு மாதம் கழித்து ஒரு சேவலைத் தூக்கிக்கொண்டு உங்கள் வாசலுக்கு வந்தால், உட்கார வைத்துத் தேநீர் கொடுத்து எவ்வளவு நேரமும் பேசுங்கள். அவர் தன் விருப்பத்தில் வந்தவர்.

இன்னொன்றையும் உங்கள் சபையாருக்கு விளக்க வேண்டியிருக்கும். தன்சானியாவில் கிறிஸ்தவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அங்குள்ள லூத்தரன் திருச்சபை ஒன்றில் மட்டும் இருக்கும் ஆட்கள் இலங்கைக் கிறிஸ்தவர்கள் எல்லாரையும் சேர்த்தாலும் அதைவிட அதிகம். இருளில் கிடப்பவர்களுக்கு வெளிச்சம் கொண்டுபோகிறோம் என்ற பேச்சோடு உங்களை அனுப்பிவைத்தால் அங்கே போய் இறங்கியதும் வெட்கமாகிவிடும். உங்களுடைய மேட்ரன் தன்சானியப் பெண்மணியாக இருப்பார், போதகர் உங்களைவிட வேதம் தெரிந்தவராக இருப்பார். நீங்கள் போவது அவர்களுடைய சபைக்குக் கைகொடுக்க. அதுவும் ஊழியம்தான், குறைந்த ஊழியம் இல்லை. அங்கே பல சபை ஆஸ்பத்திரிகள் அரசாங்கத்தோடு ஒப்பந்தம் செய்து மாவட்ட ஆஸ்பத்திரியாகவே இயங்குகின்றன. ஆகவே வருகிற எல்லா மதத்தாருக்கும் அது அவர்களுடைய சொந்த ஆஸ்பத்திரி. சிகிச்சை அவர்களுக்கு உரியது, நாங்கள் கொடுக்கும் தானம் இல்லை.

வாழ்க்கை எப்படி என்று கேட்டீர்கள். வேலை கடினம். கரண்ட் போகும், ஒட்சிசன் மெஷின் நிற்கும், இரத்தவங்கியில் இரத்தம் இருக்காது, சொந்தக்காரரைக் கூப்பிட்டு அந்த நேரமே இரத்தம் எடுப்பார்கள். நோயாளிகளின் ஆட்கள் ஆஸ்பத்திரி வளவுக்குள்ளேயே அடுப்பு மூட்டிச் சமைப்பார்கள், விறகுப் புகை வார்டுக்குள் வரும். இங்கே இலவச வைத்தியத்தில் வளர்ந்த உங்களுக்குப் பெரிய அதிர்ச்சி கட்டணக் கவுண்டர். காசில்லாமல் நோயாளியை நேரம் கழித்துக் கொண்டுவருவார்கள். அதைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிடும் என்று சொல்வார்கள். எனக்குப் பழகவில்லை. ஏழை நோயாளிகளுக்கான நிதி அந்த ஆஸ்பத்திரியில் உண்டா, யார் தீர்மானிக்கிறார்கள் என்று போகும் முன்பே கேளுங்கள். உங்கள் சபையார் காசு அனுப்ப விரும்பினால் அந்த நிதிக்கு அனுப்பச் சொல்லுங்கள். நீங்களாக ஒரு நோயாளிக்குக் காசு கொடுக்கத் தொடங்கினால் மறுநாள் வாசலில் பத்துப் பேர் நிற்பார்கள், வார்டில் கூட வேலை செய்கிறவர்களுக்கு மனக்கசப்பு வரும்.

சுவாஹிலி படிக்க முதல் மூன்று மாதத்தையாவது கொடுங்கள். வணக்கம் சொல்வதே அங்கே ஒரு நீண்ட சடங்கு. வீட்டார் சுகமா, வேலை எப்படி, இரவு எப்படிப் போனது என்று எல்லாம் விசாரித்த பிறகுதான் விஷயத்துக்கு வர வேண்டும். நம்மைப் பார்த்ததும் இந்தியக் கடைக்காரர் வீட்டுப் பெண் என்றுதான் நினைப்பார்கள். தெருவில் முஹிந்தி, அதாவது இந்தியர், என்று பிள்ளைகள் கூப்பிடுவார்கள், கோபிக்காதீர்கள். தனிமை இருக்கும், முக்கியமாகச் சித்திரை வருடப் பிறப்புக்கும் நத்தாருக்கும். ஞாயிறு முழுவதும் வேலை போட்டுக்கொண்டு அதைப் பக்தி என்று எண்ணாதீர்கள். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு ஆண்டவர் கொடுத்த கட்டளை. நோயாளிக்குப் போட்ட ஊசி தவறுதலாக உங்கள் கையில் குத்திவிட்டால் ஒளிக்காமல் உடனே சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, எழுபத்திரண்டு மணி நேரம் தாண்டினால் பயனில்லை.

ஜெபக் கடிதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மிஷன் பணிக்குப் போகிறவர்கள் சறுக்குகிற இடம் இது என்று நினைக்கிறேன். ஊரில் உங்களைத் தாங்குகிறவர்களுக்கு மாதம் ஒரு கடிதம் எழுத வேண்டும். நியாயம்தான், ஏழை விதவைகள் ஐந்நூறு ரூபாய் கொடுத்து உங்களை அனுப்புகிறார்கள். ஆனால் மனதை உருக்கும் கதை எழுதினால் காசு கூடுகிறது, எழுதாவிட்டால் குறைகிறது. இது எல்லா மிஷனரிகளுக்கும் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாக நோயாளி உங்கள் கடிதத்துக்கான பாத்திரமாக மாறுகிறார். அப்புறம் போன் வெளியே வருகிறது. எலும்பும் தோலுமாக இருக்கிற பிள்ளை, சேலைன் குழாயோடு, முகம் தெளிவாகத் தெரிய, மட்டக்களப்பில் ஒரு வாட்ஸ்அப் குழுவில் "ஜெபியுங்கள்" என்று சுற்றுகிறது. அந்தப் பிள்ளையின் தாய் சம்மதித்தாரா? சம்மதித்தாலும் வேண்டாம் என்று சொல்லும் நிலையிலா இருந்தார்?

சுனாமி முகாமில் எங்களை எத்தனை பேர் படம் பிடித்தார்கள் என்று உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். சாப்பாட்டு வரிசையில் நின்றதை, செத்த வீட்டில் அழுததை, மாற்றுடுப்பு இல்லாமல் நின்றதை. அந்தப் படங்கள் எந்தெந்த நாட்டுச் சபைகளில் என்னென்ன வசனத்தோடு திரையில் ஓடின என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. அதை அனுபவித்த ஊரிலிருந்து போகிற நீங்கள் அதையே இன்னொருவருக்குச் செய்யக் கூடாது, மகள். நோயாளியின் படம், பெயர், ஊர், நோய் எதுவும் கடிதத்தில் வேண்டாம். எச்.ஐ.வி. பற்றி ஒரு வரி கூட வேண்டாம், ஒரு கிராமத்தில் அடையாளம் கண்டுபிடிக்க ஒரு வரி போதும். உங்களைப் பற்றி எழுதுங்கள், மழை வராததைப் பற்றி, மெஷின் பழுதானதைப் பற்றி, புதிதாகச் சேர்ந்த மாணவத் தாதிகளுக்கு என்ன சொல்லிக்கொடுத்தீர்கள் என்பதைப் பற்றி எழுதுங்கள். யாராவது விசுவாசத்துக்கு வந்தால் அது அவருடைய கதை, சொல்வதானால் அவர் சொல்லட்டும். இப்படி எழுதினால் தாங்குகிறவர்கள் சிலர் குறைவார்கள். குறையட்டும், மீதிப் பேர் உங்களுக்காக உண்மையாக ஜெபிக்கிறவர்கள்.

வேறு நாட்டு அழைப்புகளும் வரலாம் என்றீர்கள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். நேபாளத்தில் 1954 முதல் ஐக்கிய நேபாள மிஷன் ஆஸ்பத்திரிகள் நடத்தியது, மதம் பரப்புவதில்லை என்று அரசாங்கத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு. அந்த மிஷனின் தான்சேன் ஆஸ்பத்திரி இன்றும் நடக்கிறது. 2018இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தின்படி அங்கே மதம் மாற்றினால் ஐந்து வருடம்வரை சிறை, வெளிநாட்டவரானால் தண்டனைக்குப் பிறகு நாடுகடத்தல். அங்கே போகிறவர் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் அதைக் காக்க வேண்டும். வெளியே ஒப்புக்கொண்டு உள்ளே வேறு செய்வது பொய். 2021 கணக்கெடுப்பில் நேபாளத்தில் கிறிஸ்தவர்கள் 1.76 சதவீதம். அந்தச் சபையை வளர்த்தவர்கள் நேபாளிகளே. வளைகுடா நாடுகள் பலவற்றில் முஸ்லிம்களிடம் மதம் பரப்புவது குற்றம். ஆனாலும் 1960இல், இன்று ஐக்கிய அரபு அமீரகத்தில் இருக்கும் அல் ஐனில், பின்னர் அந்த நாட்டின் முதல் ஜனாதிபதியான ஷேக் சாயித் அழைத்துக் கென்னடி தம்பதியர் என்ற அமெரிக்க மிஷனரி டொக்டர்கள் ஓர் ஆஸ்பத்திரி தொடங்கினார்கள். 2019இல் அந்த ஆஸ்பத்திரிக்கு அவர்கள் பெயரையே அரபு உச்சரிப்பில் கனாட் என்று வைத்தார்கள். நம்ம ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் அந்தப் பக்கம் வேலைக்குப் போயிருக்கிறார்கள், இந்தக் கதையை யாரும் நமக்குச் சொல்வதில்லை.

நான் உங்களுக்கு முன்மாதிரியாகக் காட்ட விரும்புகிறவர் மானிப்பாயில் இருந்த டொக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். 1847இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்தவர். தமிழ் படித்தார், தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார், அறுபதுக்கும் மேற்பட்ட டொக்டர்களை உருவாக்கினார். கிறிஸ்தவனாகிற தமிழன் ஆங்கிலேயனாக மாற வேண்டியதில்லை என்பதில் உறுதியாக இருந்தார். 1873இல் அவர் ஊருக்குத் திரும்பியபோது வேலையைத் தொடரத் தமிழர்கள் இருந்தார்கள். நீங்களும் அங்கே போய் எல்லாவற்றையும் உங்கள் கையால் செய்யாதீர்கள். இரண்டு மாணவத் தாதிகளுக்குக் கட்டுப் போடுவதையும், சத்திரசிகிச்சைக்குப் பிறகு நோயாளியைக் கவனிப்பதையும் நன்றாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தால் அது நீங்கள் தனியாகச் செய்த வேலையைவிடப் பெரியது.

அம்மாவிடம் சபையாரை அனுப்பிப் பேசவைக்காதீர்கள். நீங்களே பேசுங்கள். ஆத்துமாக்கள், அழைப்பு என்றெல்லாம் தொடங்க வேண்டாம். எங்கே தங்குவீர்கள், யாரோடு, சம்பளம் எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வரலாம், வருத்தம் வந்தால் யார் பொறுப்பு என்பதை எழுதி வாங்கி அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அதை எழுதித்தர மறுக்கிற ஆஸ்பத்திரிக்கு நான் உங்களை அனுப்ப மாட்டேன். வேலையை விட்டுவிட்டுப் போகாமல் சம்பளமில்லாத விடுமுறை எடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக மலேரியா. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. அதனால் உங்கள் வயதுத் தாதிகள் ஒரு மலேரியா நோயாளியைக் கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள், உங்கள் உடம்பிலும் அதற்கு எந்த எதிர்ப்பும் இல்லை. போகும் முன்னர் சுகாதார அமைச்சின் மலேரியா தடை இயக்கத்தில் தடுப்பு மாத்திரையை இலவசமாக வாங்குங்கள். மூன்று வருடத்துக்கு எப்படிப் பாவிப்பது என்பதையும் அங்கேயே கேளுங்கள். வலைக்குள் படுங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசி வேண்டுமா என்று பயண வழியைச் சொல்லி விசாரியுங்கள். ஊருக்கு வந்ததும் இரத்தம் சோதியுங்கள். வந்து ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் வந்தால், டெங்குவா என்று பார்ப்போம் என்று டொக்டர் தொடங்கும் முன்னரே ஆபிரிக்காவிலிருந்து வந்தவள் என்று சொல்லுங்கள். அம்மாவுக்கும் அதைச் சொல்லி வையுங்கள், நீங்கள் சொல்ல முடியாத நிலையில் இருந்தால் அவ சொல்லட்டும்.